உப்பளக் கரையில் ஒரு கணக்குப் பெட்டி

மாதச் சம்பளம் வாங்கும் வீட்டில் பணக் காகிதங்களை வைக்க ஒரு மேசையும் நாலைந்து ஃபைலும் இருந்தால் நல்லதுதான். இல்லாவிட்டாலும் குடி முழுகிவிடாது. முதல் தேதி சம்பளம் வங்கியில் விழுகிறது. வைப்புநிதியையும் வரியையும் அலுவலகமே பிடித்துக் கணக்கு வைத்துக்கொள்கிறது. ஏதாவது தொலைந்துபோனால் போய்க் கேட்க ஓர் இடம் இருக்கிறது. அப்படித் தன் கணக்கை வேறு யாரும் பார்த்துத் தராத வீடுகளின் நிலை வேறு. சென்னைக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் மரக்காணத்தை எடுத்துக்கொள்வோம். பக்கிங்காம் கால்வாயை ஒட்டி ஆயிரக்கணக்கான ஏக்கரில் பாத்திகள் விரிந்துகிடக்கும் ஊர். தமிழ்நாட்டில் உப்பு விளையும் முக்கிய இடங்களில் இதுவும் ஒன்று. இந்தப் பாத்திகளில் கூலி வேலை செய்யும் குடும்பத்தின் வரவு செலவை எந்த அலுவலகமும் பார்ப்பதில்லை. வீட்டில் பணத்துக்கும் அதற்கான காகிதங்களுக்கும் நிலையான ஓர் இடம் வேண்டும் என்றால், அது முதலில் வேண்டியது இந்த மாதிரி வீட்டுக்குத்தான். வசதி வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிற காரியம் இல்லை இது. வசதி இல்லாததாலேயே முன்னால் செய்ய வேண்டியது.

இந்தக் கரையின் பணம் மழையையும் வெயிலையும் பார்த்து வருகிறது. பாத்திகளைச் சீர்செய்யும் வேலை ஜனவரி வாக்கில் தொடங்குகிறது. வெயில் ஏற ஏற உப்பு விளைகிறது. சித்திரை, வைகாசியில் வேலை உச்சத்தில் இருக்கும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் பாத்திகள் நீருக்கடியில் போய்விடும். அதன் பிறகு ஆண்டு முடியும்வரை உப்பில் வேலையே இல்லை. தீபாவளி வருவதும் அந்த வேலையில்லாக் காலத்தில்தான். பக்கத்து மீனவக் குப்பங்களின் நாட்காட்டி இதற்கு நேர் எதிர். உப்பு நன்றாக விளைகிற ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாளும் அங்கே விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். இரண்டு தொழிலுக்கும் அரசு உதவித்தொகை உண்டு. மீனவக் குடும்பங்களுக்குத் தடைக்கால நிவாரணம் இப்போது 8,000 ரூபாய். உப்பளத் தொழிலாளர்களுக்கு மழைக்கால நிவாரணம் 5,000 ரூபாய். ஆண்டில் சில மாதம் கையில் காசு புழங்கும், சில மாதம் கை வறண்டுபோகும். இப்படி வாழும் வீட்டில், இன்றைய கூலி இன்றைய அரிசிக்கு என்று மட்டும் பார்த்தால் ஐப்பசி பிறக்கும்போது கடன்காரரின் வாசலில்தான் நிற்க வேண்டும்.

சிறிய வருமானத்துக்குப் பெரிய கணக்கு எதற்கு என்று தோன்றலாம். உண்மையில் சிறிய வருமானத்தின் கணக்குத்தான் சிக்கலானது. டேரில் காலின்ஸ், ஜோனதன் மோர்டக், ஸ்டூவர்ட் ரூதர்ஃபோர்ட், ஆர்லாண்டா ருத்வன் ஆகிய நால்வர் 2009-ல் 'போர்ட்ஃபோலியோஸ் ஆஃப் தி புவர்' என்ற நூலை வெளியிட்டார்கள். வங்கதேசம், இந்தியா, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளில் 250-க்கும் அதிகமான ஏழைக் குடும்பங்களின் வரவு செலவை ஓராண்டு முழுக்க, ஏறத்தாழ இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நேரில் போய்க் கேட்டு எழுதியதன் விளைவு அந்த நூல். நான்கு வகைக்குக் குறைவான பண ஏற்பாடுகளை வைத்துக்கொண்டிருந்த குடும்பம் ஒன்றுகூட அவர்களுக்குக் கிடைக்கவில்லை. கைமாத்து, சீட்டு, கடைக்கடன், பக்கத்து வீட்டில் கொடுத்துவைத்த பணம், குழுக் கடன் என்று பல கயிறுகள் ஒரே நேரத்தில் அந்தக் குடும்பங்களின் கையில் இருந்தன. நம் ஊர் வீடு ஒன்றை நினைத்துப் பார்த்தாலே இது விளங்கும். மளிகைக் கடையில் பற்று, மகளிர் குழுவில் சேமிப்பும் கடனும், நுண்கடன் நிறுவனத்தின் வாரத் தவணை, கூட்டுறவு வங்கியில் நகைக்கடன், தீபாவளிச் சீட்டு, யாருக்கோ கொடுத்து வராமல் கிடக்கும் கைமாத்து. இவ்வளவுக்கும் உரிய காகிதங்கள் எங்கே இருக்கின்றன? ரேஷன் கார்டு சாமி படத்துக்குப் பின்னால். பாஸ்புக் அரிசி டப்பாவில். அடகு ரசீது டிரங்குப் பெட்டியில், பட்டுப்புடவை மடிப்புக்குள். தவணை அட்டை ஆணியில் தொங்கும் மஞ்சப்பையில். ஆதார் யாருடைய பர்ஸிலோ. ஒவ்வொன்றும் பத்திரமாகத்தான் இருக்கிறது. ஆனால் எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்த்தவர் அந்த வீட்டில் யாரும் இல்லை.

ஒன்றாகப் பார்க்க முடியாததன் சுமை மனத்தில் ஏறுகிறது. இதைச் சொல்ல வேறு தேசத்து ஆய்வைத் தேடிப் போக வேண்டியதில்லை. மரக்காணம் இருக்கும் இதே விழுப்புரம் மாவட்டத்திலேயே நடந்திருக்கிறது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவ் ஆகியோர் விழுப்புரம், திருவண்ணாமலை வட்டாரங்களில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளைச் சந்தித்தார்கள். கரும்பு விவசாயிக்கு ஆண்டுக்கு ஒருமுறைதான் பெரிய தொகை கைக்கு வரும். அறுவடைக்கு முந்தைய மாதங்கள் வறட்சி, பிந்தைய மாதங்கள் செழிப்பு. அறுவடைக்கு முன்னால் அவர்களில் 78 சதவீதம் பேர் ஏதாவது ஒரு பொருளை அடகு வைத்திருந்தார்கள். அறுவடைக்குப் பிறகு அது 4 சதவீதமாகக் குறைந்தது. ஒரே விவசாயிக்கு இரண்டு பருவத்திலும் வடிவங்களைப் பொருத்தும் புதிர்களையும் எண்களைக் கொண்ட சோதனையையும் கொடுத்தபோது, பணமுடை இருந்த பருவத்தில் அவர் மெதுவாகவும் அதிகத் தவறுகளோடும் செய்தார். பணம் வந்த பிறகு அதே மனிதர் தெளிவாகச் செய்தார். 2013-ல் 'சயன்ஸ்' இதழில் இது வெளியானபோது பெரிதாகப் பேசப்பட்டது. விளைவின் அளவு பற்றி ஆய்வாளர்களுக்குள் விவாதம் எழுந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. இருந்தாலும் அந்தச் செய்தியில் ஒரு பெரிய நியாயம் இருக்கிறது. ஏழைகள் பணத்தைக் கையாளத் தெரியாதவர்கள் என்று சொல்லித்திரிகிறோமே, அந்தப் பழி பொய். பற்றாக்குறை மனத்தின் இடத்தை அடைத்துக்கொள்கிறது. மற்ற காரியங்களுக்கு மிச்சமிருக்கும் கவனம் குறைந்துபோகிறது. அப்படியானால் தலைக்குள் தூக்கிச் சுமக்கிற தவணைத் தேதிகளையும் பாக்கித் தொகைகளையும் ஒரு நோட்டில் இறக்கிவைப்பது, பாரம் சுமப்பவருக்குச் செய்யும் நேரடி உதவி. வேலை இல்லாத கார்த்திகை மாதத்தில் எல்லாவற்றையும் நினைவிலிருந்தே எடுத்துக் கணக்குப் போடச் சொல்வது, மிகக் களைத்த நேரத்தில் மிகக் கடினமான வேலையைக் கொடுப்பதாகும்.

இங்கே எழும் முதல் ஆட்சேபம் வலுவானது. வருமானமே பற்றாதபோது கணக்கு எழுதினால் பணம் பெருகிவிடுமா? பெருகாது. நோட்டு கூலியை உயர்த்தித் தராது. அது என்ன செய்யும் என்பதை ஓர் உதாரணக் கணக்கால் பார்க்கலாம். இதில் வரும் கூலி கற்பனை, கணக்கு மட்டுமே முக்கியம். ஒருவர் மாதம் 22 நாள் உப்பளத்துக்குப் போகிறார், நாள் கூலி 500 ரூபாய். மாதம் 11,000. வீட்டுத் தலைவிக்கு 2023 செப்டம்பரிலிருந்து வரும் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய். ஆக ஒன்பது மாதம் மாதத்துக்கு 12,000 வருகிறது. மழை மூன்று மாதத்தில் உரிமைத் தொகை 3,000, நிவாரணம் 5,000, ஆக 8,000. ஆண்டு முழுக்க 1,16,000. மாதச் சராசரி 9,666 ரூபாய். வெயில் மாதங்களில் வரும் 12,000-ஐ முழுக்கச் செலவழித்துவிட்டால், மழை மாதங்களில் அதே சராசரியில் குடும்பம் நடத்த 21,000 ரூபாய் குறைகிறது. அந்த 21,000-ஐ நூற்றுக்கு மூன்று வட்டிக்கு வாங்கி ஆறு மாதம் கழித்து அடைத்தால் வட்டி மட்டும் 3,780. ஏழு நாள் கூலிக்கு மேல் காற்றில் போகிறது. மாதம் 2,334 ரூபாய் எடுத்துவைத்தால் இந்தக் குறை வராது என்று சொல்வது எளிது. எல்லா வீட்டாலும் அது முடியாது என்பதும் உண்மை. ஆனால் ஐப்பசியில் எவ்வளவு குறையப் போகிறது என்பதை வைகாசியிலேயே அறிந்தவர், குழுவில் முன்கூட்டியே கடனுக்குச் சொல்லிவைக்க முடியும். மகளிர் குழுக்களுக்கு 3 லட்சம் ரூபாய் வரை 7 சதவீத ஆண்டு வட்டிக்கு வங்கிக் கடன் கிடைக்க வழியிருக்கிறது. நூற்றுக்கு மூன்று என்பது ஆண்டுக்கு 36 சதவீதம். அவசரத்தில் வாங்கும் கடனுக்கும் யோசித்து வாங்கும் கடனுக்கும் இடையே இவ்வளவு தூரம். அந்தத் தூரத்தைக் கண்ணுக்குக் காட்டுவது நோட்டின் வேலை.

அடுத்தது உரிமை. இன்று ஏழைக் குடும்பத்துக்கு அரசிடமிருந்து வரும் அநேகமாக எதுவும் ஒரு காகிதத்தின் வழியாகவோ ஒரு வங்கிக் கணக்கின் வழியாகவோதான் வருகிறது. 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது இந்த மாவட்டமே மூழ்கியது. மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு 2,000 ரூபாய் தரப்பட்டது. குடும்ப அட்டையை வைத்துத்தான். 2021-ல் கூட்டுறவு வங்கிகளில் ஐந்து பவுன் வரையான நகைக்கடன் தள்ளுபடி வந்தபோதும் குடும்ப அட்டையும் ஆதாரும் பொருந்துகின்றனவா என்றே முதலில் பார்த்தார்கள். இன்னும் நுணுக்கமான ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாஸ்புக்கில் மே மாதக் கடைசியிலோ ஜூன் தொடக்கத்திலோ 20 ரூபாய் பிடித்ததாக ஒரு வரி அச்சாகியிருக்கும். பலர் அதை வங்கி எடுத்துக்கொண்ட ஏதோ கட்டணம் என்று விட்டுவிடுகிறார்கள். அது பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தின் ஓராண்டுப் பிரீமியம். கணக்கு வைத்திருப்பவர் விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய் கிடைக்க வேண்டும். 436 ரூபாய் பிடித்திருந்தால் அது ஜீவன் ஜோதி. எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம். அந்த வரியின் பொருள் வீட்டில் யாருக்கும் தெரியாவிட்டால், கேட்க யாரும் போகமாட்டார்கள். இரண்டுக்கும் சேர்த்து மே முடிவில் கணக்கில் 456 ரூபாய் இல்லாவிட்டால் காப்பீடே நின்றுபோகும். மே மாதம் உப்பளத்தில் கூலி ஓடும் காலம் என்பதால், நினைவிருந்தால் கட்டிவிடக்கூடிய தொகைதான்.

வங்கிக் கணக்குகள் பலவாக இருப்பதாலும் பணம் கண்ணில் படாமல் போகிறது. ஒரே பெண்ணுக்கு நூறு நாள் வேலைக்கென்று ஒரு கணக்கு, குழுக் கடனுக்கென்று ஒன்று, ஜன்தனில் திறந்தது ஒன்று என மூன்று பாஸ்புக் இருக்கலாம். அரசின் நேரடிப் பணம் ஆதாரோடு கடைசியாக இணைத்த கணக்குக்குப் போய்ச் சேரும். பழைய பாஸ்புக்கைக் கொண்டுபோய் என்ட்ரி போட்டுப் பார்த்துவிட்டுப் பணமே வரவில்லை என்று திரும்புகிறவர்கள் உண்டு. எந்தக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறது, எந்த மொபைல் எண் அதில் பதிவாகியிருக்கிறது என்ற இரண்டு வரியை அந்தந்த பாஸ்புக்கின் மேலட்டையில் எழுதி ஒட்டிவைத்தால் இந்த அலைச்சல் குறையும். மகன் வேலைக்காக சென்னைக்குப் போய் சிம்மை மாற்றிவிட்டால், தாயின் கணக்குக்கான ஓடிபி யாரோ ஒருவருடைய போனுக்குப் போகும்.

சரி, அந்த இடம் எப்படி இருக்க வேண்டும்? இங்குள்ள காற்றை வைத்தே இதை முடிவு செய்ய வேண்டும். உப்புக் காற்று இரும்பைத் தின்னும். பீரோவின் அடித்தட்டு துருப்பிடித்து ஓட்டை விழுந்த வீடுகள் கடற்கரையில் ஏராளம். துரு காகிதத்தில் படிந்தால் எழுத்து போகும். ஆகவே இரும்புப் பெட்டியை விட, இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பா மேல். ஒரு முழுத்தாள் மடங்காமல் படுக்கும் அளவு இருந்தால் போதும். அதற்குள் ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறைகள் ஐந்தாறு. அடையாளக் காகிதங்கள் ஓர் உறையில், பாஸ்புக்குகள் ஒன்றில், கடன் அட்டைகளும் அடகு ரசீதுகளும் ஒன்றில், வீட்டு மனைப் பட்டா, வரி ரசீது ஒன்றில், பிறப்பு, இறப்பு, பள்ளிச் சான்றிதழ்கள் ஒன்றில். ஏடிஎம் சீட்டையும் சில கடைகளின் பில்லையும் வழவழப்பான தாளில் அடிக்கிறார்கள். வெயில் சூட்டில் ஆறே மாதத்தில் அது வெற்றுத்தாளாகிவிடும். அப்படிப்பட்ட ரசீதை வாங்கிய வாரமே ஜெராக்ஸ் எடுத்து, இரண்டையும் சேர்த்து வைக்க வேண்டும். டப்பாவைத் தரையிலோ கட்டிலுக்கடியிலோ வைக்கக் கூடாது. 2004 சுனாமி, 2011 தானே, 2020 நிவர், 2024 ஃபெஞ்சல் புயல்கள் என்று இந்தக் கரை கண்ட தண்ணீரை நினைத்தால், தலைக்கு மேல் உயரத்தில் இருக்கும் பரண் அல்லது சுவர்ப்பலகைதான் சரியான இடம். புயல் எச்சரிக்கை வந்து முகாமுக்குக் கிளம்பச் சொன்னால் ஒரே கையால் எடுத்துக்கொண்டு போகும்படி இருக்க வேண்டும். 2015 வெள்ளத்துக்குப் பிறகு, தொலைந்த ஆவணங்களுக்கு நகல் தருவதற்கென்றே அரசு சிறப்பு முகாம்கள் நடத்த வேண்டிவந்தது. வேலைக்குப் போக வேண்டிய நாளில் நகலுக்காக வரிசையில் நிற்பதும் ஒரு நஷ்டம்.

டப்பாவோடு கூடவே சுவரில் ஒரு மாதக் காலண்டர், ஒரு நாற்பது பக்க நோட்டு, நூலில் கட்டிய ஒரு பேனா. காலண்டரில் தவணை நாள், குழுக் கூட்டம், நல வாரிய அட்டையைப் புதுப்பிக்கும் தேதி, நகையைத் திருப்ப வேண்டிய கெடு ஆகியவை. நோட்டில் தினச் செலவு முழுவதையும் எழுத வேண்டியதில்லை. தேநீருக்கும் வெற்றிலைக்கும் கணக்கு எழுதத் தொடங்குகிறவர் மூன்றாம் வாரம் நோட்டை மூடிவிடுவார். யாரிடம் எவ்வளவு வாங்கினோம், என்ன வட்டி, எவ்வளவு அடைத்தோம், நமக்கு யார் தர வேண்டும், எத்தனை நாள் வேலை, எவ்வளவு கூலி. இவை போதும். வாரக் கூலி கைக்கு வரும் நாளில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் முடிந்துவிடும். வீட்டுக்கென்று ஒரு கணக்கு நோட்டு என்பது புதிய யோசனையும் இல்லை. ஜப்பானில் ஹானி மோட்டோகோ என்ற பெண் பத்திரிகையாளர் 1904-லேயே இல்லத்தரசிகளுக்கென ஒரு கணக்கு நோட்டை வடிவமைத்து வெளியிட்டார். அது அந்நாட்டில் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

எழுதும் பழக்கம் நம் சனங்களுக்கு வராது என்பவர்கள் மொய் நோட்டை மறந்துவிடுகிறார்கள். பத்து வருடத்துக்கு முன் மகள் சடங்குக்கு யார் எவ்வளவு வைத்தார்கள் என்பதைப் பெயரும் ஊரும் சேர்த்துப் பாதுகாக்கும் வீடு, வட்டிக்கு வாங்கிய கடனை மட்டும் வாய்க்கணக்கில் விட்டிருக்கிறது. மகளிர் சுய உதவிக் குழுக்களும் 1989-ல் தர்மபுரியில் தொடங்கியதிலிருந்து தமிழ்நாட்டில் கணக்கெழுதும் பள்ளிக்கூடமாகவே இருந்துவருகின்றன. தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், சேமிப்புப் பேரேடு, கடன் பேரேடு என்று குழுவுக்கு எழுதுகிற ஊக்குநர் இதே கிராமத்துப் பெண்தான். இருபது பேரின் பணத்தைப் பிசகாமல் எழுதத் தெரிந்தவருக்குத் தன் வீட்டுப் பணத்தை எழுதத் தெரியாதா? குழுவில் அதற்கு ஒரு நேரமும் இடமும் நோட்டும் இருக்கின்றன, வீட்டில் இல்லை. இடம் அமைந்துவிட்டால் பழக்கம் தானே வந்து ஒட்டிக்கொள்ளும் என்று நம்ப இது போதுமான சான்று.

எல்லாம்தான் போனில் வந்துவிட்டதே, டப்பா எதற்கு என்பது இளைஞர்கள் கேட்கும் கேள்வி. 2015 முதல் டிஜிலாக்கர் இருக்கிறது. அதிலுள்ள ஆவணம் அசலுக்குச் சமம் என்று சட்டமும் ஏற்கிறது. அதை எல்லோரும் பயன்படுத்த வேண்டும், அதில் மாற்றுக்கருத்தில்லை. ஆனால் புயலுக்குப் பிறகு இரண்டு மூன்று நாள் மின்சாரம் இல்லாதபோது போன் அணைந்துவிடும். அடகுக்கடை ரசீதும் நுண்கடன் அட்டையும் கைமாத்துக் கணக்கும் டிஜிலாக்கரில் ஏறுவதில்லை. ஏழை வீட்டின் பணவாழ்வில் பெரும்பகுதி அந்த மூன்றில்தான் ஓடுகிறது. நுண்கடன் அட்டையைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கியின் விதிகள், கடன் வாங்கியவருக்குப் புரியும் மொழியில் வட்டியையும் கட்டணங்களையும் காட்டும் அட்டை ஒன்றைத் தரவேண்டும் என்கின்றன. எல்லாக் கடனுக்குமான மாதத் தவணை மொத்தம் குடும்ப மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்றும் சொல்கின்றன. மூன்று நிறுவனங்களின் அட்டைகளையும் ஒரே உறையில் வைத்துக் கூட்டிப் பார்த்தால் பாதியைத் தாண்டிவிட்டோமா என்று நமக்கே தெரியும். அட்டைகள் மூன்று இடத்தில் கிடந்தால் நான்காவது கடனை வாங்கிய பிறகுதான் தெரியும். தவணை கட்டாததற்காக வீட்டு வாசலில் நின்று மிரட்டுவதைத் தடுக்கத் தமிழ்நாடு அரசு 2025-ல் ஒரு சட்டமே கொண்டுவந்தது. அந்தச் சட்டத்தைக் காட்டிப் புகார் கொடுக்கப் போகும்போதும், கட்டிய தவணைகளில் கையெழுத்திருக்கும் அந்த அட்டை கையில் இருந்தாக வேண்டும்.

பெண்கள் தரப்பிலிருந்து வரும் ஒரு தயக்கத்தை நான் மிகவும் மதிக்கிறேன். எல்லாப் பணமும் எல்லோர் கண்ணுக்கும் தெரியும் இடத்துக்கு வந்தால் சிறுவாடு என்னாவது? குடிக்கும் கணவனிடமிருந்தும், கேட்டதும் வாங்கிப்போகும் உறவினரிடமிருந்தும் மறைத்துச் சேர்த்த அந்தப் பணம்தான் பல வீடுகளில் பிள்ளையின் பள்ளிக் கட்டணமாகவும் ஆஸ்பத்திரிச் செலவாகவும் மாறுகிறது. 2016 நவம்பர் 8 இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டபோது, அதுவரை யாருக்கும் தெரியாமல் இருந்த சிறுவாடு நாடெங்கும் வெளியே வர நேர்ந்தது. ஆகவே குடும்பக் கணக்கு நோட்டில் தன் சிறுவாட்டை எழுதியே ஆக வேண்டும் என்று எந்தப் பெண்ணையும் வற்புறுத்தக் கூடாது. அதற்குப் பாதுகாப்பான இடம் தன் பெயரில் மட்டும் இருக்கும் சேமிப்புக் கணக்கும் குழுச் சேமிப்பும். பெட்டியில் இருக்க வேண்டியவை குடும்பத்தின் கடன்களும் உரிமைகளும். கணவன் பெயரில் என்ன கடன் இருக்கிறது என்று மனைவிக்குத் தெரியாத வீடுகளில், இந்தப் பெட்டி பெண்ணுக்குத்தான் அதிகம் துணை நிற்கும்.

பெட்டி எங்கே இருக்கிறது, உள்ளே என்ன இருக்கிறது என்று குறைந்தது இரண்டு பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும். பத்தாண்டுக்கு மேல் யாரும் கேட்டு வராத வைப்புத்தொகையாகப் பொதுத்துறை வங்கிகள் 2023 பிப்ரவரி வரை ரிசர்வ் வங்கிக்கு மாற்றிய பணம் 35,012 கோடி ரூபாய். இவ்வளவும் பணக்காரர்கள் மறந்துபோன பணம் என்று எண்ண வேண்டாம். பத்துக் கோடிக்கும் மேற்பட்ட கணக்குகள் அதில் அடக்கம். வைத்தவர் இறந்துபோனார், இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. அப்படிக் கேட்பாரற்ற பணத்தைத் தேட அதே ஆண்டு ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி 'உத்கம்' என்ற இணையதளத்தைத் திறந்தது. 2025 நவம்பரிலிருந்து ஒரு வங்கிக் கணக்குக்கு நான்கு பேர் வரை நியமனதாரர்களாகக் குறிப்பிடலாம். பாஸ்புக்கில் நியமனதாரர் பெயர் அச்சாகியிருக்கிறதா என்று இன்றைக்கே திறந்து பார்க்கலாம். இல்லையென்றால் வங்கியில் ஒரு படிவம் நிரப்பினால் போதும்.

கடைசியாக ஒரு நியாயமான கோபம் உண்டு. அரசும் வங்கிகளும் கேட்கிற காகிதச் சுமையையெல்லாம் ஏழை வீட்டின் தலையில் கட்டிவிட்டு, ஒழுங்காக வைத்துக்கொள் என்று அவர்களுக்கே உபதேசம் செய்வது சரியா? சரியில்லை. தன்னிடம் இருக்கும் விவரத்தையே திரும்பத் திரும்ப ஜெராக்ஸாகக் கேட்கும் அலுவலகம் மாற வேண்டும். மகளிர் உரிமைத் தொகை வந்த முதல் மாதத்திலேயே சில வங்கிகள் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று அதில் பிடித்தம் செய்ததாகப் புகார் எழுந்தது. அப்படிச் செய்யக் கூடாது என்று நிதியமைச்சர் தங்கம் தென்னரசு சொல்ல வேண்டிவந்தது. அந்தப் பிடித்தத்தைக் கண்டுபிடித்தவர்கள், பாஸ்புக்கை எடுத்து என்ட்ரி போட்டுப் பார்த்தவர்கள்தான். உப்பளத்திலும் இப்படித்தான். 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத்தொகுப்பு, தொழிலாளிக்கு ஊதியச் சீட்டு தர வேண்டும் என்கிறது. பாத்தியில் இறங்கி வேலை செய்யும் ஒவ்வொருவர் கைக்கும் அந்தச் சீட்டு வந்துசேர வேண்டும். அதைத் தொழிற்சங்கங்களும் தொழிலாளர் துறையும் விடாமல் கேட்க வேண்டும். வராதவரையில், எந்தத் தேதியில் எத்தனை நாள் வேலைக்கு யாரிடம் எவ்வளவு கூலி வாங்கினோம் என்று அந்தந்த வாரமே எழுதிவைத்த நோட்டைத்தான் கூலித் தகராறில் தொழிலாளி எடுத்துவைக்க முடியும். முன்பணம் எவ்வளவு வாங்கினோம், கூலியில் எவ்வளவு கழிந்தது என்பதற்குத் தனியாக ஒரு பக்கம் ஒதுக்குவது நல்லது. அந்தப் பக்கத்தில், முடிந்தால், பணம் கொடுத்தவரிடமே ஒரு கையெழுத்து வாங்கிவிட வேண்டும்.